கிராம சபைத் தீர்மானம் யாரைக் கட்டுப்படுத்தும்?

கீழ்பவானிக் கடைமடை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். நான் காங்கேயம் வட்டத்தில், கீழ்பவானி வாய்க்காலின் கடைமடையை ஒட்டிய ஒரு சிற்றூரில் விவசாயம் செய்து வருகிறேன். எங்கள் ஊராட்சிக்குள் தனியார் பட்டா நிலம் ஒன்றில் கல்குவாரிக்குக் குத்தகை கேட்டு விண்ணப்பம் போயிருப்பதாக அறிந்து, 2025 ஆகஸ்ட் 15 அன்று கூடிய கிராம சபையில் அதை எதிர்த்துத் தீர்மானம் கொண்டுவந்தோம். எங்கள் ஊராட்சியின் மக்கள்தொகை மூவாயிரத்தைத் தாண்டியதால் 200 பேர் வந்தால்தான் சபை கூடியதாகக் கணக்கு. அன்றைக்கு அதற்கும் மேலாகவே வந்திருந்தார்கள். நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்களும், தறி ஓட்டுபவர்களும், தோட்டத்தை விட்டு வெளியே வராத முதியவர்களும் கையெழுத்திட்டார்கள்.

அந்தத் தீர்மானத்தின் படியை எடுத்துக்கொண்டு நாங்கள் ஐந்து பேர் ஓர் அலுவலகத்துக்குச் சென்றோம். அங்கிருந்த அதிகாரி மரியாதையாகவே உட்கார வைத்துப் பேசினார். முழுவதையும் படித்துவிட்டு, "தீர்மானம் போடலாமுங்க, போடவேண்டியதுதானுங்க. ஆனா அது எங்களைக் கட்டுப்படுத்தாதுங்க" என்றார். அவர் சொன்னதில் கோபமோ அலட்சியமோ இல்லை. ஒரு விதியைச் சொல்வதைப் போலத்தான் சொன்னார். அதனாலேயே அந்த வார்த்தை எனக்கு இன்னும் ஆறவில்லை.

வாய்க்கால் பாசனத்தில் வளர்ந்தவன் என்பதால் எனக்குத் தெரிந்த வகையில் கேட்கிறேன். கீழ்பவானிப் பாசனத்தில் 2 லட்சத்து 7 ஆயிரம் ஏக்கரை இரண்டாகப் பிரித்து, ஒற்றைப்படை மதகு, இரட்டைப்படை மதகு என்று முறை வைத்துத் தண்ணீர் விடுகிறார்கள். என் வயலுக்கு வரும் தண்ணீர் தலைமடைக்காரரின் தயவால் வருவதன்று. முறை என்று ஓர் உத்தரவு இருப்பதால் வருகிறது. அதிகாரமும் அப்படித்தான் பங்கிடப்பட்டிருக்கிறது என்று பள்ளிக்கூடத்தில் படித்தேன். மத்திய அரசு, மாநில அரசு, உள்ளாட்சி என்று மூன்று அடுக்கு உண்டு என்றும், நாடாளுமன்றத்தை நீதிமன்றம் தடுக்கலாம், ஆட்சியைச் சட்டமன்றம் கேள்வி கேட்கலாம் என்றும் சொல்லிக் கொடுத்தார்கள். அப்படியானால் ஊர் மக்கள் அனைவரும் கூடி எடுத்த முடிவுக்கு இந்தப் பங்கீட்டில் எந்த இடம்? எங்களுக்கு முறைத் தண்ணீர் உண்டா, அல்லது மேலே உள்ளவர்கள் மனம் வைத்தால் கசிகிற தண்ணீர்தானா?

இன்னொன்றையும் கேட்க வேண்டும். மாநிலத்துக்கு அதிகாரம் வேண்டும் என்று டெல்லியிடம் நாம் பல பத்தாண்டுகளாகக் கேட்டு வருகிறோம். அந்தக் கோரிக்கை எனக்கும் உடன்பாடானதே. அதே நியாயத்தை ஊராட்சி மாநிலத்திடம் கேட்டால் அது ஏன் எவர் காதிலும் விழுவதில்லை? சட்டம் அறிந்தவர்களும் ஊராட்சியில் பொறுப்பு வகித்தவர்களும் விளக்கினால் நன்றியுடையவனாவேன்.

ஈரோடு வழக்குரைஞர்

ஐயா, வணக்கம். அந்த அதிகாரி சொன்னது சட்டப்படி பெரும்பாலும் சரி. ஆனால் அது முழுமையான விடை அன்று. ஏன் சரி என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

மாநிலச் சட்டமன்றத்துக்குச் சட்டமியற்றும் அதிகாரத்தை அரசமைப்பே நேரடியாகத் தருகிறது. 246-ஆவது பிரிவும் ஏழாவது அட்டவணையும் இன்னின்ன பொருள்கள் ஒன்றியத்துக்கு, இன்னின்னவை மாநிலத்துக்கு, இன்னின்னவை இருவருக்கும் பொது என்று பிரித்து வைத்திருக்கின்றன. 73-ஆவது திருத்தத்தின் வழியாக, 1993 ஏப்ரல் 24 முதல், ஊராட்சிகளும் அரசமைப்புக்குள் வந்தன. ஆனால் அவற்றின் அதிகாரத்தைப் பேசும் 243ஜி பிரிவைப் படித்துப் பாருங்கள். தன்னாட்சி அமைப்புகளாகச் செயல்படத் தேவையான அதிகாரங்களை ஊராட்சிகளுக்கு மாநிலச் சட்டமன்றம் சட்டத்தின் வழியாக "வழங்கலாம்" என்றுதான் அது சொல்கிறது. "வழங்க வேண்டும்" என்று சொல்லவில்லை. பதினோராவது அட்டவணையில் குடிநீர், சிறுபாசனம், சாலை, தொடக்கப்பள்ளி என 29 பொருள்கள் இருக்கின்றன. அவை ஊராட்சியின் உடைமைகள் என்று எண்ணுவது தவறு. மாநிலம் விரும்பினால் ஒப்படைக்கக்கூடியவற்றின் பட்டியல் அது. உங்கள் வாய்க்கால் மொழியில் சொன்னால், மாநிலத்துக்கு முறைத் தண்ணீர் உண்டு. ஊராட்சிக்கு மதகு மட்டும் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள், அதைத் திறக்கும் சாவி மாநிலத்திடம் இருக்கிறது.

அந்த 29 பொருள்களிலும் கனிமம் இல்லை. 1957-ஆம் ஆண்டின் சுரங்கங்கள் மற்றும் கனிமங்கள் சட்டம் நாடாளுமன்றம் இயற்றியது. அதன் 15-ஆவது பிரிவு கட்டுமானக் கல் போன்ற சிறு கனிமங்களுக்கு விதி வகுக்கும் அதிகாரத்தை மாநில அரசிடம் விட்டிருக்கிறது. அதன்படி 1959-இல் வந்தவைதான் தமிழ்நாடு சிறு கனிமச் சலுகை விதிகள். குத்தகை அளிப்பவர் மாவட்ட ஆட்சியர். இந்தச் சங்கிலியில் கிராம சபையின் ஒப்புதல் தேவை என்ற கண்ணி எங்கும் இல்லை.

இனி மறுபக்கத்துக்கு வருகிறேன். ஊராட்சிக்கு அரசமைப்பு எதையுமே உறுதியாகத் தரவில்லை என்று எண்ணிவிடாதீர்கள். ஐந்தாண்டுப் பதவிக்காலம், அது முடியும் முன்பே தேர்தல், இடையில் கலைத்தால் ஆறு மாதத்துக்குள் தேர்தல், தனியான மாநிலத் தேர்தல் ஆணையம், ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாநில நிதிக்குழு, பெண்களுக்கும் பட்டியல் சமூகத்தினருக்கும் இட ஒதுக்கீடு ஆகியவை எந்த மாநில அரசும் தன் விருப்பத்துக்கு நீக்க முடியாதவை. 2006-இல் அகமதாபாத் மாநகராட்சி தொடர்பான கிஷன்சிங் தோமர் வழக்கில், பதவிக்காலம் முடிவதற்குள் தேர்தல் நடந்தே ஆகவேண்டும், வாக்காளர் பட்டியல் திருத்தம் போன்ற காரணங்களைக் கூறித் தள்ளிப்போடக் கூடாது என்று உச்ச நீதிமன்றத்தின் அரசமைப்பு அமர்வு தெளிவாகச் சொன்னது. ஆக, ஊராட்சி இருந்தே தீரவேண்டும் என்பதில் அரசமைப்பு கண்டிப்பாக இருக்கிறது. இருக்கும் ஊராட்சி என்ன செய்யலாம் என்பதில்தான் கை நெகிழ்ந்துவிட்டது.

"எங்களைக் கட்டுப்படுத்தாது" என்ற சொல் கிராம சபைக்கு மட்டும் உரியதன்று என்பதையும் நம் பகுதிக்காரர்கள் நினைவில் கொள்ள வேண்டும். கோவையிலிருந்து கிருஷ்ணகிரி வரை ஏழு மாவட்டங்களில், சுமார் 310 கிலோமீட்டருக்கு விளைநிலங்களின் வழியே எரிவாயுக் குழாய் பதிக்கக் கெயில் நிறுவனம் வந்தபோது, விவசாயிகளின் எதிர்ப்பைக் கேட்டு, நெடுஞ்சாலை ஓரமாகக் கொண்டு போங்கள் என்று 2013-இல் தமிழ்நாடு அரசே சொன்னது. சென்னை உயர் நீதிமன்றம் அதே ஆண்டு நவம்பரில் அதை ஏற்கவில்லை. 2016 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் மாநில அரசின் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. குழாய் பதிப்பு 1962-ஆம் ஆண்டின் ஒன்றியச் சட்டத்தின் கீழ் வருவது என்பதால், ஏழு மாவட்ட மக்களோடு ஒரு மாநில அரசே சேர்ந்து நின்றபோதும் அதன் சொல் அந்தச் சட்டத்தின் முன் நிற்கவில்லை. நீங்கள் அன்று அந்த அலுவலகத்தில் கேட்ட பதிலைத்தான் மாநில அரசு நீதிமன்றத்தில் கேட்டது.

முன்னாள் தலைவர், தாராபுரம் பக்கம்

ஐயா, நான் 2019 டிசம்பர் தேர்தலில் எங்கள் ஊராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டு 2025 ஜனவரி 5-ஆம் நாள் வரை பொறுப்பில் இருந்தேன். பட்டியல் சமூகப் பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட தலைவர் பதவி அது. அதனால் இந்தக் கேள்வியை நான் இரண்டு பக்கமும் நின்று பார்த்திருக்கிறேன்.

1994-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி ஊராட்சிக் கணக்கின் காசோலையில் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும். ஒருவரே பணத்தை எடுத்துவிடக் கூடாது என்பதற்காக வைத்த ஏற்பாடு. நல்ல ஏற்பாடு என்றுதான் நானும் பதவியேற்ற அன்று நினைத்தேன். காலனியில் ஆழ்குழாய்க் கிணற்று மோட்டார் பழுதானது. பழுது பார்த்தவருக்குக் கொடுக்க வேண்டிய காசோலையில் கையெழுத்திட மறுத்து, அதை நான்கு மாதம் வைத்திருந்தார்கள். காரணம் எதுவும் எழுதித் தரவில்லை. மனு மேல் மனு கொடுத்த பிறகு, மாவட்ட அளவில் இருந்த அதிகாரிகள் தலையிட்டு, அந்தக் கையெழுத்து அதிகாரத்தை வேறொருவருக்கு மாற்றினார்கள். அதற்குப் பிறகுதான் குழாயில் தண்ணீர் வந்தது. அந்த நான்கு மாதமும் எங்கள் பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஒரு மைல் நடந்தார்கள்.

அதிகாரத்தைக் கட்டுப்படுத்த வைத்த ஒரு பூட்டே ஒருவரைச் செயல்பட விடாமல் அடைத்து வைக்கவும் பயன்படும் என்பதை அப்போது கற்றேன். ஊருக்கு மேலே ஓர் அதிகாரம் இல்லாதிருந்தால் என் பூட்டைத் திறக்க ஆளே இருந்திருக்காது என்பதையும் அப்போதே கற்றேன்.

ஆகவே ஊர் கூடிச் சொன்னால் அதுவே இறுதி என்று எவராவது பேசினால் எனக்கு அச்சமாக இருக்கிறது. 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் வரைவை முன்வைத்த அம்பேத்கர், கிராமத்தை அடித்தளமாகக் கொள்ளச் சொன்னவர்களுக்குக் கடுமையாக விடையளித்தார். கிராமம் என்பது அறியாமையும் குறுகிய மனமும் சாதிப் பற்றும் உறைந்த இடம் என்ற பொருளில் அவர் பேசியதைப் பலர் அன்றே கண்டித்தார்கள். அதே மாதம் 22-ஆம் நாள் க. சந்தானம் கொண்டுவந்த திருத்தத்தால் ஊராட்சிகளை அமைக்க அரசு முயல வேண்டும் என்ற 40-ஆவது பிரிவு சேர்ந்தது. இரண்டு பேரையுமே நான் மதிக்கிறேன். ஆனால் கொடியேற்றும் நாளில் நாற்காலி போடாமல் நிறுத்தி வைக்கப்பட்டவளுக்கு, அம்பேத்கர் எதைக் கண்டு அஞ்சினார் என்பதைப் புத்தகம் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

இதைச் சொல்வதால் நான் அதிகாரிகளின் பக்கம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். மக்கள் நேரடியாக வாக்களித்துத் தேர்ந்தெடுத்த ஊராட்சித் தலைவரை, அதே சட்டத்தின் 205-ஆவது பிரிவின் கீழ், மாவட்ட ஆட்சியர் விளக்கம் கேட்டு, வட்டாட்சியர் வழியாக உறுப்பினர்களின் கருத்தைப் பெற்றுப் பதவியிலிருந்து நீக்கலாம். ஒரு முதலமைச்சரை எந்தச் செயலராவது இப்படி நீக்க முடியுமா? சட்டமன்ற உறுப்பினரை? தேர்தலில் வென்றவர்களில் தேர்வெழுதி வந்த அதிகாரியின் உத்தரவால் பதவி இழக்கக்கூடியவர்கள் நாங்கள் மட்டுமே. என் பூட்டைத் திறந்த கை நாளைக்கு என்னையே வெளியே தள்ளவும் முடியும் என்றால், நான் எப்படித் தலை நிமிர்ந்து அந்தக் கையிடம் கணக்குக் கேட்பேன்? ஐந்தாண்டும் இந்த நினைப்போடுதான் கோப்புகளில் கையெழுத்திட்டேன்.

எனக்கு வேண்டியது மேலே ஒரு கண்காணிப்பு. ஆனால் அதைச் செய்பவர் நிர்வாகத்தில் இருப்பவராக இருக்கக் கூடாது. நடுவர் மன்றம் ஒன்று, அல்லது நீதிமன்றம், ஏதாவது ஒன்று அந்த வேலையைச் செய்யட்டும்.

ஆனைமலை வாசகர்

வழக்குரைஞர் ஐயா "வழங்கலாம்" என்ற ஒரு சொல்லின் மேல் முழுப் பாரத்தையும் ஏற்றியிருக்கிறார். அதில் எனக்கு மாறுபாடு உண்டு. அதே 243ஜி பிரிவு, அதே "வழங்கலாம்", எங்கள் ஊரிலிருந்து கோபாலபுரம் சோதனைச் சாவடியைத் தாண்டினால் வேறு மாதிரி வேலை செய்கிறது.

பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில் பெருமாட்டி என்று ஓர் ஊராட்சி இருக்கிறது. அதன் பிளாச்சிமடையில் இருந்த குளிர்பான ஆலை நிலத்தடி நீரை உறிஞ்சுவதாக மக்கள் போராடியபோது, 2003-இல் ஆலையின் உரிமத்தைப் புதுப்பிக்க அந்த ஊராட்சி மறுத்தது. வழக்கு நடந்தது. அந்த ஆண்டு டிசம்பரில் கேரள உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி, நிலத்தடி நீர் மக்களின் பொதுச் சொத்து என்றார். 2005-இல் இரு நீதிபதிகள் அமர்வு ஆலைக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. பிறகு உச்ச நீதிமன்றம் வரை போனது. ஆனால் 2004 மார்ச்சில் நின்ற ஆலை மீண்டும் ஓடவில்லை. அதைத் திறக்கும் எண்ணம் இல்லை என்று 2017-இல் அந்த நிறுவனமே உச்ச நீதிமன்றத்தில் சொல்லிவிட்டது. வழக்கில் ஊராட்சி முழு வெற்றி பெற்றது என்று நான் சொல்லவில்லை. உரிமம் தரவும் மறுக்கவும் ஒரு கையெழுத்து அந்த ஊராட்சியிடம் இருந்தது, அதனால் நீதிமன்றத்தில் அது ஒரு தரப்பாக நிற்க முடிந்தது என்பதைச் சொல்கிறேன். நம் நண்பரின் ஊராட்சி அப்படி நிற்க இடமில்லை. மனுதாரராக வெளியே நிற்கிறது.

கேரளம் 1996-இல் மக்கள் திட்டம் என்று தொடங்கி, மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 விழுக்காட்டை உள்ளாட்சிகளிடம் விட முடிவு செய்தது. எந்த நீதிமன்றமும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. சட்டத்தில் "வழங்கலாம்" என்று இருந்ததை ஓர் அரசியல் முடிவு "வழங்கினோம்" என்று ஆக்கியது. அப்படியானால் நம் பக்கத்தில் குறை சொல்லில் இருக்கிறதா, மனத்தில் இருக்கிறதா?

சட்டமே கிராம சபைக்குக் கட்டுப்படுத்தும் ஆற்றலைத் தந்த இடங்களும் உண்டு. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டப்படி யாருக்கு எந்த நிலத்தில், எந்த விளைபொருளில் உரிமை என்ற விசாரணையைத் தொடங்கும் அதிகாரம் கிராம சபைக்கே உரியது. ஒடிசாவின் நியம்கிரி மலையில் பாக்சைட் சுரங்கம் வேண்டுமா என்பதை, 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்த மலைக்கிராம சபைகளிடமே விட்டது. 12 சபைகள் கூடின, பன்னிரண்டும் வேண்டாம் என்றன. சுரங்கம் வரவில்லை. நம் தாளவாடி, கடம்பூர், பர்கூர் மலைகளில் இருக்கும் மக்களுக்கும் அந்தச் சட்டம் உண்டு. சமவெளியில் இருக்கும் காங்கேயத்துக்கு அது உதவாது என்பது வருத்தம்தான். ஆனால் "கிராம சபை என்றாலே அறிவுரை மட்டும்" என்ற எண்ணம் தவறு என்பதற்கு அது சான்று.

கீழ்பவானிக் கடைமடை

மூவருக்கும் நன்றி. அம்மா எழுதியதைப் படித்துவிட்டு வெகுநேரம் யோசித்தேன். எங்கள் சபையிலும் அன்றைக்குக் காலனிப் பெண்கள் கடைசியில்தான் உட்கார்ந்திருந்தார்கள், கையெழுத்து வாங்கும்போது மட்டும்தான் முன்னால் அழைத்தோம் என்பது இப்போதுதான் உறைக்கிறது. குவாரி வந்தால் வெடிச் சத்தம் முதலில் கேட்கப்போவது அவர்கள் வீடுகளில்தான்.

மாநிலம் டெல்லியிடம் கேட்கும் நியாயம் ஊராட்சிக்கு ஏன் இல்லை என்ற என் இரண்டாவது கேள்விக்கு இன்னும் விடை வரவில்லை. அதோடு சேர்ந்த இன்னொன்றையும் கேட்கிறேன். தலைவரின் பதவிக்காலம் முடிந்து, இப்போது எங்கள் ஊராட்சியை வட்டார வளர்ச்சி அலுவலர்தான் தனி அலுவலராகப் பார்க்கிறார். அவர் ஒருவர் பல ஊராட்சிகளுக்குப் பொறுப்பு. கிராம சபையின் தீர்மானத்தை ஊராட்சியின் சார்பில் எடுத்துச் சென்று வாதாட, தேர்ந்தெடுக்கப்பட்ட ஒருவர்கூட இன்று இல்லை. இது சட்டத்துக்கு உட்பட்டதுதானா?

ஈரோடு வழக்குரைஞர்

ஆனைமலை நண்பரின் திருத்தத்தை ஏற்றுக்கொள்கிறேன். சொல் இடம் விட்டது, அந்த இடத்தை நிரப்பாமல் விட்டது நம் மாநில அரசியல். அது ஒரு கட்சியின் ஆட்சிக்கு மட்டும் உரிய குறையன்று.

நண்பரின் கேள்விக்கு வருகிறேன். மாநிலங்கள் டெல்லியிடம் அடைந்த அனுபவத்தையும் ஊராட்சிகள் சென்னையிடம் அடைந்த அனுபவத்தையும் நாள்கணக்கு வைத்து ஒப்பிட்டுப் பார்த்தால் ஓர் உண்மை தெரியும்.

356-ஆவது பிரிவைக் கொண்டு தமிழ்நாட்டில் 1976, 1980, 1988, 1991 ஆகிய ஆண்டுகளில் ஆட்சி கலைக்கப்பட்டது. அவற்றில் நீண்டது 1976 ஜனவரி 31-இல் தொடங்கி 1977 ஜூன் 30 வரை நீடித்த குடியரசுத் தலைவர் ஆட்சி. அது 17 மாதம். அந்தப் பிரிவு தவறாகப் பயன்பட்டதை எதிர்த்து நாடு முழுவதும் எழுந்த குரலின் பயனாக இரண்டு தடுப்புகள் வந்தன. 1978-இன் 44-ஆவது திருத்தம், நெருக்கடி நிலையும் தேர்தல் ஆணையத்தின் சான்றும் இருந்தாலன்றி ஓராண்டுக்கு மேல் அதை நீட்டிக்கக் கூடாது என்றது. 1994-இல், கர்நாடக முன்னாள் முதலமைச்சர் எஸ்.ஆர். பொம்மையின் வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, கலைப்புக்கான காரணத்தை நீதிமன்றம் ஆராயலாம், பெரும்பான்மை உண்டா இல்லையா என்பதை ஆளுநர் மாளிகையில் அன்றிச் சட்டமன்றத்தில்தான் சோதிக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அதற்குப் பிறகு மாநில அரசுகளைக் கலைப்பது முன்புபோல எளிதாக நடப்பதில்லை.

இப்போது ஊராட்சிக் கணக்கைப் பாருங்கள். 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்தது. உங்கள் மாவட்டம் உட்பட 27 மாவட்டங்களின் ஊரகப் பகுதிகளுக்குத் தேர்தல் நடந்தது 2019 டிசம்பர் 27, 30 ஆகிய நாள்களில். புதியவர்கள் பொறுப்பேற்றது 2020 ஜனவரியில். இடையில் 38 மாதங்களுக்கு மேல் தனி அலுவலர்களின் ஆட்சி. எஞ்சிய ஒன்பது மாவட்டங்களுக்கு 2021 அக்டோபர் வரையும், நகரங்களுக்கு 2022 பிப்ரவரி வரையும் ஆனது. வார்டு மறுவரையறை என்றும், இட ஒதுக்கீட்டு வழக்கு என்றும் காரணங்கள் கூறப்பட்டன. தனி அலுவலர்களின் காலம் ஆறு ஆறு மாதங்களாகச் சட்டத் திருத்தத்தின் மூலம் நீட்டிக்கப்பட்டது. சட்டமன்றம் இல்லாத 17 மாதத்தை நாம் இன்றும் வரலாறாகப் பேசுகிறோம். ஊர்மன்றம் இல்லாத 38 மாதத்தை அது நடந்தபோதே பலர் கவனிக்கவில்லை. 1986-இல் தேர்தல் நடந்து, அதற்கு அடுத்த தேர்தல் 1996-இல்தான் நடந்தது என்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆகவே உங்கள் கேள்விக்கு என் நேரான விடை இது. தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சி இல்லாமல் தனி அலுவலர் தொடர்வது அரசமைப்பின் 243ஈ பிரிவுக்கும் கிஷன்சிங் தோமர் தீர்ப்புக்கும் மாறானது என்பது என் உறுதியான கருத்து. அதை ஒரு மாநிலச் சட்டத் திருத்தம் மூடி மறைக்கலாமே தவிர, நியாயப்படுத்த முடியாது. மாநிலத்துக்காகப் பேச 1969-இல் இராஜமன்னார் குழுவை அமைத்த மாநிலம் இது. அந்தக் குழு 1971-இல் தந்த அறிக்கையையும், 1974-இல் சட்டமன்றம் நிறைவேற்றிய மாநில சுயாட்சித் தீர்மானத்தையும் பெருமையாக நினைவுகூரும் நாம், அந்த வாதங்களில் "மாநிலம்" என்ற சொல் வரும் இடத்தில் "ஊராட்சி" என்று எழுதிப் படித்துப் பார்க்க வேண்டும். பெரும்பாலான வரிகள் அப்படியே பொருந்தும்.

உங்கள் குவாரிக்கு உடனடியாக உதவக்கூடிய ஒன்றையும் சொல்கிறேன். அதிகாரியைத் தீர்மானம் கட்டுப்படுத்தாது. ஆனால் விதி கட்டுப்படுத்தும். சிறு கனிமச் சலுகை விதிகளின் 36-ஆவது விதிப்படி குடியிருப்புப் பகுதியிலிருந்து 300 மீட்டருக்குள் கல் உடைக்கக் குத்தகை தரக் கூடாது. 2012 பிப்ரவரியில் தீபக் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம், ஐந்து ஹெக்டேருக்குக் குறைவான சிறு கனிமக் குத்தகைக்கும் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும் என்றது. உங்கள் தீர்மானத்தில் "நாங்கள் எதிர்க்கிறோம்" என்று மட்டும் இருந்தால் அது கோப்பில் தூங்கும். கடைசி வீடு எந்தப் புல எண்ணில் இருக்கிறது, குவாரி எல்லையிலிருந்து எத்தனை மீட்டர், எத்தனை கிணறுகள் அருகில் உள்ளன என்று எழுதியிருந்தால், அதைப் பார்த்துவிட்டுப் பேசாமல் உத்தரவிட ஆட்சியரால் முடியாது. காரணம் சொல்லியாக வேண்டும். காரணம் சொல்லும் உத்தரவைத்தான் நீதிமன்றத்தில் எதிர்க்க முடியும்.

முன்னாள் தலைவர், தாராபுரம் பக்கம்

ஒரு சிக்கலை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊரிலும் இதே 300 மீட்டர் கணக்கு வந்தது. நம் பக்கத்தில் ஊர் ஓரிடத்தில் குவிந்திருப்பதில்லை, அவரவர் தோட்டத்துச் சாளையில் குடியிருக்கிறார்கள். வருவாய்ப் பதிவேட்டில் அது நத்தமாக இருக்காது, புஞ்சை என்றே இருக்கும். மூன்று தலைமுறையாக விளக்கு எரியும் வீட்டை, அது குடியிருப்பே இல்லை என்று அளந்துவிட்டுப் போவார்கள்.

ஈரோடு வழக்குரைஞர்

அம்மா சொல்வது மிகச் சரி. விதி முதன்மையாகப் பார்ப்பது வருவாய்ப் பதிவேட்டில் ஊர்மனை, வீட்டுமனை என்று குறித்திருக்கும் இடத்தைத்தான். ஆனால் உள்ளாட்சி அமைப்பு ஒப்புதல் அளித்த மனையும் அதில் சேரும். எனவே அந்தச் சாளைகளுக்கு ஊராட்சி அளித்த கட்டட அனுமதி, வீட்டுவரி ரசீது, குடிநீர் இணைப்பு ஆணை எவை இருந்தாலும் திரட்டி வையுங்கள். ஒப்புதல் ஆணைக்கு இணையான வலிமை மற்ற இரண்டுக்கும் இல்லை, ஆனால் வாதத்துக்கு உதவும்.

கீழ்பவானிக் கடைமடை

இன்று காலை கிராம நிர்வாக அலுவலரிடம் புல வரைபடத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். குவாரி எல்லைக் கல்லிலிருந்து கிழக்கே முதல் சாளை வரை நாடா பிடித்து நாங்களே அளந்ததில் 260 மீட்டர் வந்தது. காலனியின் மேற்கு வரிசை 310 மீட்டர். சாளைக்காரரின் அப்பா காலத்தில் ஊராட்சி கொடுத்த கட்டட அனுமதி ஒன்று தகரப் பெட்டியில் இருப்பதாகச் சொல்கிறார்கள், நாளை தேடித் தருவதாக வாக்களித்திருக்கிறார்கள். அக்டோபர் 2 கிராம சபைக்குத் தீர்மானத்தைப் புதிதாக எழுதுகிறோம். இந்த முறை காலனிப் பெண்களில் இருவர் வாசிப்பதாக முடிவாகியிருக்கிறது. எழுதி முடித்ததும் வரைவை இங்கே இடுகிறேன், வழக்குரைஞர் ஐயாவும் அம்மாவும் பார்த்துத் திருத்தித் தர வேண்டுகிறேன்.